அக்கா வெளியில போயிருக்காங்க

“எந்தக் கதை விக்கும்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறீங்க?”

கல்யாணமான புதிதில், ஒருநாள் பஸ்ஸில் அவள் கணவனைக் கேட்டாள். ஜன்னலோர இருக்கையை அவளுக்குக் கொடுத்துவிட்டு, முன் இருக்கைப் பெண்கள் பேசுவதை அவன் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தான்.

“ரொம்ப சுலபம், கதைக்காரி. ஒரு வீட்ல எதைப் பேச ஆரம்பிச்சா கதவைச் சாத்துறாங்களோ, அதை எழுதணும். மத்ததெல்லாம் கூலிக்கு மாரடிக்கிறது.”

“அப்ப நம்ம வீட்ல?”

“நம்ம வீட்ல சாத்துறதுக்குக் கதவே இல்லையே.”

உண்மைதான். ஒற்றை அறைக் குடித்தனம். கதவு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு திரைச்சீலை. இருவரும் சிரித்த சிரிப்பில் முன் இருக்கைப் பெண்கள் திரும்பிப் பார்த்து, பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஒரு நல்ல கதை கெட்டது என்று அவன் அவள் கையைக் கிள்ளினான்.

கதைக்காரி என்ற பெயர் அவன் வைத்ததுதான். நாளடைவில் அக்கம்பக்கமும் அப்படியே கூப்பிட்டது. கைபேசியில் கதை படிக்கும் செயலி ஒன்றில் அவள் குடும்பத் தொடர்கள் எழுதினாள். கரு பிடிப்பது அவன் வேலை, கதை சொல்வது அவள் வேலை. எந்தப் பத்தியில் வாசகிகள் படிப்பதை நிறுத்துகிறார்கள், எந்த அத்தியாயத்தை இரண்டாம் முறை திறக்கிறார்கள் என்று அவன் பார்த்துக்கொண்டே இருப்பான். காலையில் பல் தேய்த்தபடி சந்தை நிலவரம் சொல்லுவான். இந்த மாதம் மாமியாருக்கு மவுசு இல்லை, இரண்டாம் தாரம் நன்றாகப் போகிறது, சின்ன வயதில் பிரிந்த இரட்டையர்கள் படுத்துவிட்டார்கள்.

பிறகு அந்த வீட்டிலும் கதவைச் சாத்திக்கொண்டு பேச வேண்டிய விஷயம் ஒன்று வந்தது. ஏழாம் மாதத்தில் வந்து, ஒரு முறைகூட அழாமல் போய்விட்டது. பெண் குழந்தை.

மருத்துவமனையில் துணியில் சுற்றிக் கொஞ்ச நேரம் கையில் கொடுத்தார்கள். குழந்தையின் நகங்கள் முழுதாக வளர்ந்திருந்தன. அதைக் கதைக்காரி ஒருவரிடம்தான் சொன்னாள், தன் கணவனிடம். அவன் கேட்டுக்கொண்டான், தலையைத் தடவினான், போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். அதன்பின் அவளும் பேசவில்லை, அவனும் பேசவில்லை. குழந்தையைப் பற்றி எழுதிவிடாதீர்கள் என்று அவள் அவனிடம் சொன்னதில்லை. சொல்ல வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

ஓய்வெடுத்துத் திரும்பி வந்தபோது வாசகிகள் பாதிப் பேர் வேறு பக்கம் போயிருந்தார்கள். அடுத்த இரண்டு தொடர்களும் எடுபடவில்லை. ஒருநாள் அவன் முகமெல்லாம் மலர்ச்சியாக வந்தான். வீடு பார்த்துவிட்டானாம். பழைய வீடுதான், மாடிப் பகுதி முழுக்க நமக்கே, தெருக்கோடி, காக்கை கத்தினால்தான் சத்தம் என்றான்.

அவளுக்குச் சத்தமில்லாத இடம் அவசியம். விரல் மூட்டு வலியால் அவள் தட்டச்சு செய்வதை விட்டுப் பல காலம் ஆயிற்று. கைபேசியை மேசைமேல் வைத்துவிட்டு, அறைக்குள் நடந்தபடியே வாயால் சொல்லுவாள். சொல்லச் சொல்ல அது எழுதிக்கொள்ளும். அவள் நிறுத்தினால் அதுவும் நிறுத்தும்.

பச்சை இரும்புக் கேட். வெளிப்பக்கமாக ஏறும் படிக்கட்டு, பாதியில் இடுப்பொடிந்தாற்போல் வளைந்து போனது. கீழே வீட்டுக்காரம்மா தனியாக இருந்தாள். சாவியைக் கொடுத்தாள், தண்ணீர் எப்போது வரும் என்று சொன்னாள், குழாயை இறுக்கித் திருகாதே என்றாள். மேலே மட்டும் வரவில்லை. முழங்கால் வலி போலும் என்று கதைக்காரி நினைத்துக்கொண்டாள்.

மாடியில் நல்ல வெளிச்சம். மேற்கு ஜன்னல் கொண்ட அறையை அவள் எழுதும் அறையாக்கிக்கொண்டாள். ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் பழைய காலத்துத் தொலைபேசிக்கு ஒயர் மாட்டும் சின்னப் பெட்டி இருந்தது. ஒயர் இல்லை. பெட்டியின்மேல் பலமுறை சுண்ணாம்பு அடித்ததில் அது சுவரோடு சுவராகிப் போயிருந்தது.

முதல் சில நாட்கள் நன்றாகவே போயின.

பிறகு ஒரு மத்தியானம், பால் அடிப்பிடித்துக் கருகும் வாசனை வந்தது. அவள் அடுப்படிக்கு ஓடினாள். அடுப்பு அணைந்திருந்தது. பால் பாத்திரம் கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது. கீழ்வீட்டிலிருந்து வருகிறதாக்கும் என்று திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள். கதாநாயகி வாசலில் நிற்கிறாள், அம்மா கதவைத் திறக்கிறாள், அம்மா என்ன சொல்லுவாள்? யோசிக்க நின்றாள்.

டக்.

எங்கேயோ ரிசீவரை எடுப்பது போன்ற ஒலி. மிக மெல்லிய ஒலி.

அவள் மேசைக்கு வந்து பார்த்தாள். கதாநாயகி வாசலில் நின்ற வரிக்குக் கீழே, புதிதாக ஒரு சொல் இருந்தது.

அக்கா.

அவள் அப்படிச் சொல்லவில்லை. அந்தக் கதையில் யாருக்கும் அக்காவே கிடையாது. மின்விசிறியின் சத்தத்தைக் கேட்டுத் தப்பாக எழுதியிருக்கும் என்று அழித்தாள். மின்விசிறியையும் நிறுத்தினாள். பேசாமல் நின்று திரையைப் பார்த்தாள்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுத்துகள் வந்தன.

அக்கா இருக்கீங்களா.

அன்று சாயங்காலம் அவள் அதைக் கணவனிடம் காட்டினாள். கேலி செய்வான் என்றுதான் எதிர்பார்த்தாள். அவன் கேலி செய்யவில்லை. கைபேசியை வாங்கி வெகுநேரம் பார்த்தான்.

“அழிக்காதே” என்றான். அவ்வளவுதான்.

மறுநாளும் வாசனை வந்தது. டக் என்ற ஒலி வந்தது. பிறகு, அவள் பேச்சை நிறுத்தும்போதெல்லாம் வரி வரியாக வந்தது. ஒரு பெண் யாரிடமோ மனம் விட்டுப் பேசுகிறாள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு குழந்தை. யாருக்கும் தெரியாமல் பெற்று, யாருக்கோ கொடுத்துவிட்டாள். இப்போது நல்ல புருஷன், நல்ல வீடு. ஆனாலும் மத்தியானம் ஆனால் வயிறு என்னவோ செய்கிறது என்கிறாள். ‘இடது காதுக்குப் பின்னால ஒரு மச்சம் இருந்துச்சு அக்கா. கொடுத்துட்டு வர்றப்ப அதை மட்டும் தொட்டுப் பாத்தேன்.’

வந்தது பயமா அழுகையா என்று கதைக்காரியால் பிரிக்க முடியவில்லை. அவன் அந்த வரிகளைப் படித்துவிட்டு, உன் மனசுக்குள் நீ அறியாமல் இருக்கிற பெண் பேசுகிறாள், முணுமுணுக்கிறாய் போலிருக்கிறது, உனக்கே தெரியவில்லை என்றான். படித்தவன், நிதானமானவன், சொன்னால் நம்பும்படி சொல்லுவான். அவள் நம்ப விரும்பினாள்.

அந்த வரிகளை வைத்து எழுதிய தொடர் பிய்த்துக்கொண்டு போனது. வாசகிகள் பத்தி பத்தியாகப் பதில் எழுதினார்கள். எங்கள் அத்தை இப்படித்தான், என் தோழி இப்படித்தான், என் கதையை யார் உங்களுக்குச் சொன்னது. அவன் விசிலடித்தபடி வீட்டுக்குள் நடந்தான். பல மாதங்களுக்குப் பிறகு கேட்ட விசில்.

ஆனால் மத்தியானங்களில் அவன் வீட்டில் தங்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவியதும் கிளம்பிவிடுவான். பயமாக இருக்கிறது, இன்று ஒருநாள் கூட இருங்கள் என்று அவள் கெஞ்சினாள்.

“நான் இருந்தா அவ பேச மாட்டா” என்றான், செருப்பை மாட்டிக்கொண்டே.

மாட்டிய கால் அப்படியே நின்றது.

“யாரு?”

“கதாநாயகியைச் சொன்னேன்மா.”

படிக்கட்டில் அவன் இறங்கும் சத்தம் வழக்கத்தைவிட வேகமாகக் கேட்டது.

அவளால் அந்த அறைக்குள் போக முடியவில்லை. துவைக்கிற சாக்கில் கீழே இறங்கினாள். வீட்டுக்காரம்மா கொல்லைப்புறத்தில் பழைய பாய் ஒன்றை வெயிலில் போட்டுக்கொண்டிருந்தாள். பேச்சு அப்படி இப்படிப் போய், மாடியில் முன்பு யார் இருந்தார்கள் என்பதில் வந்து நின்றது.

வீட்டுக்காரம்மா பாயை இரண்டு தட்டு தட்டினாள். பிறகு சொன்னாள். மாடியில் இருந்தவர்கள் தன் தம்பியும் அவன் மனைவியும்தான். தம்பி பெண்டாட்டி அதிர்ந்து பேசாதவள். அந்தக் காலத்தில் ஒரு பத்திரிகையில் அக்காவிடம் கேளுங்கள் என்று ஒரு பக்கம் வந்தது. தொலைபேசி எண்ணும் போட்டிருப்பார்கள், கஷ்டம் உள்ளவர்கள் கூப்பிட்டுப் பேசலாம். அவள் கூப்பிட்டிருக்கிறாள். தினமும் மத்தியானம், எல்லோரும் உறங்கும் நேரத்தில், அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அந்த ஜன்னலோரம் நின்று பேசியிருக்கிறாள். கூடப்பிறந்தவளிடம் பேசுகிறாள் என்று இவர்கள் நினைத்தார்களாம்.

கொஞ்ச நாளில் அதே பத்திரிகையில் ஒரு தொடர்கதை வரத் தொடங்கியது. குழந்தையைக் கொடுத்துவிட்டு வந்தவளின் கதை.

“நாங்களும் வாங்கிப் படிச்சோம்மா” என்றாள் வீட்டுக்காரம்மா. “நானும் என் தம்பியும் ஆளுக்கு முந்தி பறிச்சுப் படிப்போம். நல்லா இருக்கு நீயும் படின்னு அவகிட்டயே நீட்டியிருக்கேன். ஒரு வாரம் பச்சைக் கேட்டும் நடுவுல வளைஞ்ச படிக்கட்டும் அச்சுல வந்துச்சு. தெருவே மாடியை அண்ணாந்து பாத்துச்சு.”

தம்பி அன்றே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியூர் போனான். அவள் மாடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். பால் கருகுகிற நாற்றம் தாங்காமல்தான் இவர்கள் மேலே போய்க் கதவை உடைத்தார்கள். அதற்குமேல் வீட்டுக்காரம்மா சொல்லவில்லை. கதைக்காரியும் கேட்கவில்லை.

“உங்க வீட்டுக்காரர் வீடு பாக்க வந்தப்பவே, எங்கேயோ பாத்த முகமா இருக்கேன்னு நெனச்சேன். ராத்திரியெல்லாம் யோசிச்சுத்தான் ஞாபகம் வந்துச்சு. அவ போன அந்த வாரம், இந்தக் கேட்டுக்கு வெளியில ஒரு சின்னப் பையன் வந்து நின்னான். பத்திரிகைலேர்ந்து வரேன்னான். அப்புறம் என்னாச்சுன்னு கேட்டான்.”

கதைக்காரி துணி வாளியைக் கீழே வைத்தாள். இந்த வீட்டைப் பற்றி முகமெல்லாம் மலர்ந்து அவன் சொன்ன நாள் நினைவுக்கு வந்தது. எவ்வளவு தெரிந்துகொண்டு, எவ்வளவு தெரியாதவன் போல் படியேறியிருக்கிறான். இதுவரை அவன் தன்னிடம் சொன்ன நல்ல வார்த்தைகளையெல்லாம் எடுத்துப் பிரித்துப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

மேலே போனாள். வாசனை படியிலேயே எதிர்கொண்டது. இந்த முறை பயம் குறைவாக இருந்தது. மேசைமேல் கைபேசியை வைத்து, எழுதும் பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் சொல்லாமல் நின்றாள்.

வெயில் தரையில் கிடந்தது.

டக்.

அக்கா.

“இருக்கேன்” என்றாள் கதைக்காரி. அவள் சொன்னது திரையில் எழுத்தானது. அதன் கீழே மெதுவாக அடுத்த வரி வந்தது.

அக்கா, அவர் உங்களையும் எழுதிட்டார்.

அவளுக்குப் புரியவில்லை. அடுத்த வரி வந்தது.

நகம் வளந்திருந்துச்சுன்னு.

செயலியைத் திறந்தாள். கணக்கு அவன் கையில்தான் இருந்தது என்றாலும், அவளாலும் உள்ளே போக முடியும். போக வேண்டிய அவசியம்தான் இதுவரை வந்ததில்லை. புதிய தொடர் அன்று காலை தொடங்கியிருந்தது. இருவருக்கும் பொதுவான அதே புனைபெயர். முதல் அத்தியாயம். மருத்துவமனை, துணிச் சுற்று, கொஞ்ச நேரம் கையில். பிறகு நகங்கள். இருட்டில் அவன் தோளில் முகம் வைத்து அவள் சொன்னது சொன்னபடி இருந்தது. அவள் அழுகையில் விட்ட இடைவெளியைக்கூட அவன் விடாமல் புள்ளிகளாக வைத்திருந்தான்.

கீழே நூற்றுக்கணக்கில் அழுகைப் பொம்மைகள். அடுத்த அத்தியாயம் எப்போது என்று யாரோ கேட்டிருந்தார்கள்.

வெயில் தாழ்ந்தபின் அவன் வந்தான். கையில் அவளுக்காக வாங்கிய பூப்போட்ட புதுப் போர்வை. அவள் கைபேசியை நீட்டினாள். அவன் பார்த்தான். பார்த்ததும் அவன் முகத்தில் வந்தது குற்ற உணர்ச்சி இல்லை, சங்கடம்தான். பரிசை முன்னாலேயே பிரித்துவிட்டாளே என்பது போன்ற சங்கடம்.

பெயர் போடவில்லையே என்றான். அவளைப் போல் இழந்தவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கெல்லாம் ஆறுதல் இல்லையா என்றான். எழுதினால் அவள் மனசும் ஆறும் என்று நினைத்தானாம். அவளிடம் கேட்டால் அழுவாள் என்றுதான் கேட்கவில்லையாம்.

“எடுத்துடுங்க” என்றாள். “என் பொண்ணை எழுதாதீங்க. எனக்குன்னு இருக்கறது அவ ஒருத்திதான்.”

இவ்வளவு காலம் கழித்துச் சொன்ன சொல். சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றாத சொல்.

அவன் போர்வையை நாற்காலியில் வைத்தான். அவள் தோளைத் தொட்டான்.

“நாளைக்கு எடுத்துடறேன்மா. இன்னிக்கு மட்டும் ஓடட்டும்.”

அறை சில்லிட்டது.

பால் கருகும் நாற்றம் எழுந்தது. இந்த முறை அது அவனுக்கும் வந்தது. மூக்கைச் சுளித்து அடுப்படிப் பக்கம் திரும்பினான்.

டக்.

மேசைமேல் கைபேசி தானாக எழுதத் தொடங்கியது. இருவரும் பார்த்தார்கள். இருவரும் வாய் திறக்கவில்லை.

அக்கா வெளியில போயிருக்காங்க. நீங்க சொல்லுங்கம்மா. நான் கேட்டுச் சொல்றேன். யாருக்கும் தெரியாது.

அவன் பின்னுக்கு நகர்ந்தான். நாற்காலி விழுந்தது. அதே வரிகள் மறுபடி வந்தன. மறுபடி. திரை நிறைந்து மேலே ஓடியது.

“இது உனக்கு எப்படி...” என்றான். கதைக்காரிக்கு எப்படித் தெரியும்? அது அவனுக்கும் இறந்துபோனவளுக்கும் மட்டும் தெரிந்த பேச்சு.

பிறகு அவன் வாயிலிருந்து துண்டு துண்டாக வந்தது. பத்திரிகையில் அக்கா என்று யாரும் இல்லை. அந்தப் பக்கத்தை எழுதிய அக்காவுக்கு மீசை இருந்தது. தொலைபேசியை எடுப்பது புதிதாகச் சேர்ந்த இவன் வேலை. விற்பனை விழுந்துகொண்டிருந்தது, ஏதாவது கரு கொண்டுவா என்று ஆசிரியர் கத்திக்கொண்டிருந்தார். மத்தியானம் மத்தியானம் ஒரு பெண் கூப்பிட்டாள். அவளே தன் வீட்டைச் சொன்னாள், ஜன்னலைச் சொன்னாள், படிக்கட்டைச் சொன்னாள். இவன் எழுதிக்கொண்டான். அதுதான் இவன் பிடித்த முதல் கரு.

“கடைசிவரைக்கும் ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு இருந்தா. அக்காகிட்ட ஒண்ணு கேக்கணும், ஒரே ஒரு தடவை குடுங்கன்னு. கேள்வியை வச்சுக்கிட்டு நாம என்ன பண்றது? நமக்குக் கதைதானே வேணும். அதனால நான்...”

திரையில் எழுத்து நின்றது.

அவனும் நிறுத்தினான். அவன் கண்கள் அவளைத் தாண்டி ஜன்னலோரம் போய் அங்கேயே நிலைத்தன. அவள் திரும்பிப் பார்த்தபோது அங்கே சுவரும் வெளிச்சமும்தான் இருந்தன. அவன் எதைப் பார்த்தான் என்று பிறகும் சொல்லவில்லை. வாசல் நிலையில் மோதிக்கொண்டு வெளியே போனான். வளைந்த படிக்கட்டில் தடதடவென்று இறங்கினான். இரும்புக் கேட் அறைந்து சாத்திக்கொண்டது. தெருவில் செருப்பில்லாத கால்கள் ஓடின.

அவளுக்கும் ஓடத்தான் தோன்றியது. ஆனால் மகளை அந்த அத்தியாயத்துக்குள் விட்டுவிட்டு ஓட முடியாது.

கைபேசியை எடுத்தாள். இரண்டு முறை தவறாக அழுத்தினாள். நீக்கவா என்று அது கேட்டது. ஆம் என்றாள். முதல் அத்தியாயம் போனது. நகங்கள் போயின. படித்தவர்கள் படித்ததுதான், அதை யாரிடமிருந்தும் திரும்ப வாங்க முடியாது. இனிப் படிக்க மாட்டார்கள், அவ்வளவே. மச்சம் உள்ள குழந்தையின் தொடரையும் தேடி எடுத்தாள். நீக்கவா என்று கேட்டது. ஆம்.

பிறகு கைபேசியை முழுவதுமாக அணைத்தாள். திரை கறுத்தது. அதைக் கவிழ்த்து வைத்தாள்.

கீழே பாயைச் சுருட்டும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் அடங்கியது.

எதுவும் வரவில்லை. வாசனை இல்லை, ஒலி இல்லை. போய்விட்டாள் என்று நினைத்தாள். நினைத்தபோது நிம்மதி வரவில்லை. தன்னந்தனியாக விடப்பட்டதுபோல் ஒரு தவிப்புதான் வந்தது. விழுந்த நாற்காலியை நிமிர்த்தி ஜன்னல் பக்கம் போட்டு உட்கார்ந்தாள்.

டக்.

காதோடு காதாக வந்தது. ரிசீவரைப் பிடித்திருப்பவள் விடும் மூச்சு, அருகில், மிக அருகில், அவள் கன்னத்து மயிரை அசைத்தது.

கதைக்காரி அசையவில்லை. எழுதிக்கொள்ள அறையில் இப்போது எதுவும் இல்லை.

“அக்கா இருக்கீங்களா?”

களைத்துப் போன, சின்ன வயசுக் குரல். பக்கத்து வீட்டுப் பெண்ணின் குரல் போல் சாதாரணமானது.

“இருக்கேன்மா” என்றாள் கதைக்காரி. “என்கிட்ட என்ன கேக்கணும்? கேளு.”

“நான் சொல்றப்ப எழுதிக்காதீங்க அக்கா. சும்மா கேளுங்க.”